தீசிஸ் கொடுத்தாச்சு, அம்மா அப்பா வருகிறார்கள்

ஜெர்மனிக்கு முதுகலை படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருடைய வீட்டில் இந்தப் பேச்சு இருக்கும்: "நீ படிப்பை முடி. நாங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போறோம்." திருச்சியில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். நான் ஆஹன் நகரில் படித்து முடித்த வருடம் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அந்த மூன்று வாரம் எனக்கு இன்றும் இனிக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாமல் நிறையத் தடுமாறினேன். இப்போது படிப்பை முடிக்கப் போகிறவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அவர்கள் ஊர் பார்க்க வருகிற அதே நாட்களில் நாம் ஊரைக் காலி செய்துகொண்டிருப்போம். அறையை ஒப்படைப்பது, குடியிருப்பு அனுமதிக் கார்டைப் புதுப்பிப்பது, நூலகப் புத்தகத்தைத் திருப்புவது என்று நம் தலையில் ஒரு பட்டியல் ஓடும். கொலோன் தேவாலயத்தை எப்போது பார்க்கப் போகிறோம் என்று அவர்கள் காத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தால் இரண்டுமே கெடும். நம்முடைய காகித வேலைகள் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அறைச் சாவி மட்டும் அவர்கள் திரும்பிப் போகிற வரை நம் கையில் இருக்க வேண்டும். எல்லாத் தேதிகளையும் இந்த இரண்டையும் வைத்தே குறியுங்கள்.

படிப்பு எந்தத் தேதியில் முடிகிறது?

வீட்டில் கேட்பார்கள்: "என்னைக்கு முடியுது?" ஒரே தேதியாகச் சொல்ல முடியாது. தீசிஸைச் சமர்ப்பிப்பது ஒரு நாள். மதிப்பெண் வருவது வேறொரு நாள், சில வாரங்கள் தள்ளி. பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கும் 'எக்ஸ்மட்ரிகுலேஷன்' இன்னொரு நாள். பட்டச் சான்றிதழ் கையில் கிடைப்பதோ இவை எல்லாவற்றுக்கும் பிறகு. பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவம் செப்டம்பர் 30 அன்றும் குளிர்காலப் பருவம் மார்ச் 31 அன்றும் முடிகின்றன. செயல்முறைப் படிப்புக்கான உயர்கல்வி நிறுவனங்களில் பெரும்பாலும் அதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும்.

இவற்றில் அதிக கவனம் வேண்டியது எக்ஸ்மட்ரிகுலேஷன். பெயர் பதிவேட்டிலிருந்து போனதும் மாணவர் என்ற முறையில் கிடைத்த பலவும் போய்விடும். மாணவர் பயணச் சீட்டும் மாணவர் கட்டணத்தில் இருந்த மருத்துவக் காப்பீடும் மாணவர் விடுதி அறையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. குடியிருப்பு அனுமதியையும் பார்க்க வேண்டும். கார்டில் அச்சிட்ட தேதி அடுத்த வருடமாக இருக்கலாம். ஆனால் கார்டோடு ஓர் இணைப்புத் தாள் தந்திருப்பார்கள். படிப்பு முடிந்தால் அனுமதியும் முடியும் என்று சிலருடைய தாளில் எழுதியிருக்கும். அந்தத் தாளை எடுத்து வைத்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

பட்டம் பெற்றவர்கள் இங்கேயே வேலை தேட 18 மாத அனுமதி கேட்கலாம். அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். பழைய அனுமதி காலாவதியாகும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முக்கியம். அசல் பட்டச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்காதீர்கள். எல்லாத் தேர்விலும் தேறிவிட்டார் என்று தேர்வு அலுவலகம் தரும் தற்காலிகச் சான்று பெரும்பாலும் போதும். வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கப் பல ஊர்களில் மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரைக்கும் 'ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்' என்ற இடைக்காலத் தாளைத் தருவார்கள்.

பெற்றோரோடு பயணம் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இந்தத் தாள்தான். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவில், நான்காம் உட்பிரிவின் கீழ் தந்திருந்தால் பழைய அனுமதி தொடர்வதாகப் பொருள். மூன்றாம் உட்பிரிவின் கீழ் தந்திருந்தால் நாட்டுக்குள் இருக்கலாம், வெளியே போனால் அதைக் காட்டி உள்ளே வர முடியாது. தாளில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால், கையில் இந்தத் தாள் மட்டும் இருக்கிற நாட்களில் பாரிஸ், சுவிட்சர்லாந்து எல்லாம் வேண்டாம். பெற்றோரை ஒரு ரயில் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு எல்லைக் காவலரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது யாருக்கும் வரக்கூடாத நிலைமை. ஜெர்மனிக்குள்ளேயே மூன்று வாரம் போதாது.

பட்டமளிப்பு விழாவைப் பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். நம் ஊரில் பட்டம் என்றால் கறுப்பு அங்கி, மேடை, புகைப்படம். பான் போன்ற சில பல்கலைக்கழகங்களில் அங்கியும் தொப்பியுமாகப் பெரிய விழாவே உண்டு. வேறு பல துறைகளில் விழா எதுவும் இல்லை, சான்றிதழ் தபாலில் வரும். விழா உண்டு என்றால் அதன் தேதியை வைத்து அவர்களுக்கு டிக்கெட் எடுங்கள். இல்லை என்றால் அதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்மா பட்டுப்புடவை எடுத்து வைத்த பிறகு சொன்னால் மனம் சங்கடப்படும்.

விசா

பெற்றோருக்கு வேண்டியது குறுகிய கால ஷெங்கன் விசா. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்வரை தங்கலாம். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சிக்கல் இருந்தால் 45 நாள்வரை போகலாம். கோடை விடுமுறைக் காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரிய காரியம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் பலருக்குக் குழப்பம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. ஜெர்மனியில் 12 நாள், நெதர்லாந்தில் 3 நாள் என்றால் ஜெர்மனிதான். இப்போது ஷெங்கனில் 29 நாடுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை. நடுவில் லண்டன் போய்வர ஆசைப்பட்டால் தனியாக பிரிட்டன் விசாவும், திரும்பி வருவதற்குப் பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவும் வேண்டும்.

செலவை யார் ஏற்பது? அழைப்பவர் உள்ளூர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, விருந்தினருடைய செலவு முழுவதற்கும் நான் பொறுப்பு என்று எழுதித் தரும் முறை ஒன்று உண்டு. அதற்கு நிலையான வருமானம் காட்ட வேண்டும். பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு அது பெரும்பாலும் கைகூடாது. அதனால் வருத்தப்பட ஒன்றுமில்லை. பெற்றோர் தங்கள் வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு அல்லது ஓய்வூதியத் தாள்கள் ஆகியவற்றைக் காட்டித் தங்கள் பொறுப்பிலேயே வரலாம். நீங்கள் தர வேண்டியது அழைப்புக் கடிதம், உங்கள் பாஸ்போர்ட் நகல், அனுமதிக் கார்டின் நகல், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ். கடிதத்தில் அலங்காரம் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எங்கே தங்குகிறார்கள், எந்த ஊர்களுக்குப் போகிறீர்கள் என்று எழுதினால் போதும்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக மலிவான ஒன்றை எடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்றால், ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் அவசரச் சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்று பாலிசியில் தேடிப் படியுங்கள். பல பாலிசிகள் தருவதில்லை. மாத்திரைகளைப் பயண நாட்களுக்கும் கூடுதலாக ஒரு வாரத்துக்கும் சேர்த்து, மருத்துவர் சீட்டோடு, கையில் வைத்திருக்கும் பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும், நம் ஊர் பிராண்ட் பெயர் இங்கே மருந்தகத்தில் தெரியாது. அவசரம் என்றால் 112. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ராத்திரியில் மருத்துவர் வேண்டும் என்றால் 116117.

முட்டி வலி உள்ளவர்களுக்கு விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி இலவசம். டிக்கெட் எடுக்கும்போதே, கடைசியாக 48 மணி நேரத்துக்கு முன்பாவது கேட்டுவிட வேண்டும். ஃபிராங்க்பர்ட் போன்ற பெரிய நிலையத்தில் நடக்கும் தூரத்தை நினைத்தால், கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். அழைப்புக் கடிதம், காப்பீடு, திரும்பும் டிக்கெட், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை அச்சிட்டு அம்மாவின் கைப்பையில் ஒரு பிரதி, அப்பாவின் பையில் ஒரு பிரதி வைத்துவிடச் சொல்லுங்கள். குடிநுழைவு அதிகாரி கேட்டால் பேச்சைவிட அந்தத் தாள் சீக்கிரம் வேலை செய்யும்.

பெட்டியில் என்ன வரலாம்

இதைப் பற்றிச் சொல்லாவிட்டால் அம்மாக்களின் மனம் உடையும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதனால் மாம்பழ ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஐந்து பழங்களுக்கு மட்டும் அந்தச் சான்று தேவையில்லை: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டூரியான். இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி, வற்றல், அரிசி முறுக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் நன்றாகப் பொட்டலம் கட்டி வந்தன. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு தேங்காயும் வந்தது. ஆஹனிலேயே ஆசியக் கடையில் தேங்காய் கிடைக்கும் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

ஊர் சுற்றுவது

மாணவராக இருந்தபோது நாம் பயணம் போன விதத்தை மறந்துவிட வேண்டும். விடியற்காலை நான்கு மணிப் பேருந்து, ஆறு பேர் தூங்கும் அறை, ஒரு நாளில் இரண்டு நகரம் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒத்துவராது. ஒரு நாளுக்கு ஒரு இடம், மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு, மாலையில் ஆற்றங்கரையிலோ பூங்காவிலோ உட்காருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள வாடகை வீடு கிடைத்தால் ஹோட்டலைவிட அதையே எடுங்கள். காலையில் அம்மா கையால் ஒரு வாய் ரசம் சோறு சாப்பிட்டுக் கிளம்பினால் அந்த நாள் முழுக்கத் தெம்பாக இருக்கும். மாணவர் விடுதிகள் சிலவற்றில் விருந்தினர் அறையும் உண்டு, அறைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிடுங்கள். ஜூன் மாதம் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் போகாது. திரைச்சீலை நன்றாக மூடுகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

ரயிலுக்கு 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' எடுத்தால் நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். அதிவேக ஐசிஇ ரயிலுக்குச் செல்லாது. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. அது சந்தா முறையில் நடப்பது, காலண்டர் மாதத்துக்குக் கணக்கு. ஆகவே பெற்றோரின் வருகை ஜூன் 20 முதல் ஜூலை 10 என்று இருந்தால் இரண்டு மாதக் கட்டணம், ஜூன் 3 முதல் 25 என்றால் ஒரு மாதக் கட்டணம். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர்கள் பெயரில் எடுத்துவிட்டு, பயணம் முடியும் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள். மறந்தால் அடுத்த மாதமும் பணம் போகும்.

ஐசிஇயில் போகும் நீண்ட பயணத்துக்கு முன்கூட்டியே மலிவுக் கட்டணச் சீட்டு எடுக்கலாம். இருக்கைப் பதிவு அதில் சேராது. பெரியவர்களோடு போகும்போது அதைக் கட்டாயம் தனியாக எடுங்கள். ரயில்கள் தாமதமாவது சாதாரணம். போய்ச் சேரும்போது ஒரு மணி நேரத் தாமதம் என்றால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். ரயில் மாற அட்டவணை ஏழு நிமிடம் தந்தாலும் நீங்கள் அரை மணி நேரம் உள்ள இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். மின்தூக்கி வேலை செய்யாத நடைமேடையில் இரண்டு பெட்டியோடு அம்மாவைப் படியேற்றியவன் சொல்கிறேன்.

கொலோன் தேவாலயம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்முன் நிற்கும். 1248இல் தொடங்கி, நடுவில் சில நூற்றாண்டுகள் வேலை நின்று, 1880இல் முடிந்தது. உயரம் 157 மீட்டர். இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப நம்ம ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மாதிரி" என்றார். அதுவும் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்று 1987இல்தான் முழுமையானது. அதற்குப் பிறகு நான் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. அவரே அண்ணாந்து பார்த்து அரை மணி நேரம் நின்றார். கோபுரத்தில் ஏற 533 படிகள், மின்தூக்கி கிடையாது. நாங்கள் ஏறவில்லை.

முட்டி வலிக்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கோப்ளென்ஸிலிருந்து பிங்கன்வரை இடது கரையில் வட்டார ரயில் ஆற்றை ஒட்டியே போகும். ரயில் போகும் திசையில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் போதும், கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் லோரலை பாறையும் அவர்களைத் தேடி வரும். 2002 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். டாய்ச்லாண்ட் டிக்கெட்டே செல்லும். பவேரியாவின் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு எல்லோருக்கும் ஆசை இருக்கும், அதற்கு முன்பதிவும் மேட்டில் ஏறும் வழியும் பார்த்துவைக்க வேண்டும். குறித்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

ஆஹனிலிருந்து எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம் ஆர்இ 1 என்ற வட்டார ரயில். ஏறி உட்கார்ந்தால் கொலோன், டுசல்டோர்ஃப், டோர்ட்முண்ட் எல்லாம் தாண்டி ஹாம் நகரத்தில் கொண்டுபோய் விடும். ஹாமின் ஊன்ட்ரோப் பகுதியில், தொழிற்பேட்டை நடுவே, காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. போரால் ஊரைவிட்டு வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில், 2002இல் குடமுழுக்கு நடந்தது. வருடத் திருவிழாவில் தேர் ஓடும், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தமாடுவார்கள். அம்மா பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்து, "இவ்வளவு தூரத்துல வந்து இவங்க முதல்ல இதைக் கட்டியிருக்காங்க பாரு" என்று கண் கலங்கினாள். உங்கள் பெற்றோர் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றால் இந்த ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

ஆனால் அவர்கள் அதிகம் கேட்டது எது தெரியுமா? நான் தினமும் போன வழி. எந்த நிறுத்தத்தில் பேருந்து ஏறுவேன், நூலகத்தில் எந்த மேசை, காய்கறி எங்கே வாங்குவேன், காய்ச்சல் வந்தபோது எந்த மருத்துவரிடம் போனேன். தொலைபேசியில் கேட்டே பழகிய பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தார்கள். பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் விருந்தினர் கட்டணம் கொடுத்து அவர்களும் சாப்பிடலாம். அப்பா தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார். "இதையா ரெண்டு வருஷம் சாப்பிட்ட?" என்றார். வந்த முதல் மூன்று நாளை இப்படி உங்கள் ஊருக்கே கொடுங்கள். நேர மாற்றக் களைப்பும் அதற்குள் தீர்ந்துவிடும்.

எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டும் உங்கள் கார்டும் கையில் இருக்க வேண்டும். ஷெங்கனுக்குள் சோதனை கிடையாது என்று நம்பிக் கிளம்பக் கூடாது. ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ஆஹனுக்குப் பக்கத்தில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சேரும் முனை ஒன்று உண்டு. உயரம் வெறும் 322 மீட்டர்தான், ஆனால் ஒரே இடத்தில் நின்று மூன்று நாட்டில் கால் வைத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது.

பெற்றோர் ஏதாவது வாங்கினால், ஒரு ரசீதில் 50 யூரோவுக்கு மேல் இருந்தால், வரியைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கடையில் கேளுங்கள். பெரும்பாலான பொருள்களில் 19 சதவீத வரி அடங்கியிருக்கிறது, கட்டணம் பிடித்தது போக ஒரு பகுதி திரும்பும். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு மட்டும் இந்த வசதி என்பதால் பாஸ்போர்ட்டும் பெயரும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பு பொருளைச் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும்.

சாவியைக் கொடுக்கும் நாள்

வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். எழுத்தில், கையெழுத்தோடு. விடுதிகளில் ஒப்பந்தப்படி வேறுபடும். ஆகவே பெற்றோரின் டிக்கெட் தேதியை முடிவு செய்ததும் அடுத்த வேலை இந்தக் கடிதம்தான். அவர்கள் விமானம் ஏறிய பிறகு குறைந்தது நான்கைந்து நாளாவது அறை உங்களிடம் இருக்கும்படி பாருங்கள். கூடவே ஊர் திரும்புவதாக இருந்தால் அதற்கேற்ப அவர்களின் கடைசி வாரத்தில் பயணம் எதுவும் வைக்காதீர்கள்.

நாட்டை விட்டே போகிறவர்கள் நகர அலுவலகத்தில் முகவரியை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து கிளம்பிய இரண்டு வாரம்வரை செய்யலாம். அங்கே தரும் தாளைத்தான் வானொலி தொலைக்காட்சிக் கட்டணத்தையும் காப்பீட்டையும் நிறுத்தக் கேட்பார்கள், அந்தக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. வேறு ஊருக்கு மாறுகிறவர்கள் நீக்க வேண்டாம், புது ஊரில் இரண்டு வாரத்துக்குள் பதிந்தால் போதும்.

முன்பணம் உடனே திரும்பாது. மின்சாரம், சூடேற்றல் கணக்குப் பார்க்க உரிமையாளர் சில மாதம் எடுத்துக்கொள்ளலாம், எனவே வங்கிக் கணக்கை அதுவரை மூடாதீர்கள். ஒப்படைக்கும்போது அறையின் நிலையை எழுதும் குறிப்பில் இருவரும் கையெழுத்திட வேண்டும். மீட்டர் எண்களையும் சுவர், தரை, அடுப்பு, குளியலறையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் படம் இல்லாததால், அவர் வருவதற்கு முன்பே இருந்த கறைக்குப் பணம் பிடித்தார்கள்.

என் அறையைத் துடைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில் எழுந்து பார்த்தால், அடுப்புத் தட்டைக் கழற்றி எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னல் ஓரத்தில் நின்று கண்ணாடியை நாளிதழால் துடைத்தார். ஐந்து நாள் கழித்து உரிமையாளர் வந்து சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குறிப்பில் குறை என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்திட்டார்.